ஹோரியின் ஏழு கோப்பையும் ஓசியில் வந்ததல்ல

நேற்றிலிருந்து அந்த ஒரு கமெண்ட் மனதை விட்டுப் போகவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடிய ராபர்ட் ஹோரி ஓசியில் ஏழு கோப்பை வாங்கியவராம், அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஜாம்பவான்கள் பட்டியலில் இடம், ஒரு கேடா என்று கேள்வி. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் சிலர் என்னோடு ஆடியவர்கள். அதுதான் வலித்தது.

ஓசியா? 2002, சாக்ரமென்டோவுடன் நான்காவது ஆட்டம். தோற்றால் ஹோரி அப்போது ஆடிய லேக்கர்ஸ் தொடரில் 1-3 என்று பின்தங்கும். அணியின் நட்சத்திரம் கோபி எறிந்தது விழவில்லை, இன்னொரு நட்சத்திரம் ஷாக் போட்டதும் விழவில்லை. எதிரணியின் டிவாச் வெளியே தட்டிவிட்ட பந்து ஹோரி கைக்கு வந்தது. 100-99, லேக்கர்ஸ் வெற்றி. பந்து அவரிடம் வந்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அதை உள்ளே போட்டது யார்?

சரி, 2005 ஃபைனல்ஸ், ஐந்தாவது ஆட்டம். ஹோரி அப்போது சான் அன்டோனியோவில், எதிரே டெட்ராய்ட். இங்கே திங்கட்கிழமை காலை. ஹாஸ்டல் டிவி அறையில் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது குவார்ட்டரின் கடைசி நொடி வரை ஹோரிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கப்புறம் 21. ஓவர்டைமில் டெட்ராய்ட் இரண்டு புள்ளி முன்னால். ஹோரி கோட்டுக்கு வெளியிலிருந்து தன் அணியின் ஜினோபிலிக்குப் பந்தைக் கொடுத்தார். ஹோரியைக் காவல் காக்க வேண்டிய டெட்ராய்ட்டின் ரஷீத் வாலஸ் ஜினோபிலி பக்கம் ஓடினார். பந்து ஹோரியிடமே திரும்பி வந்தது. 5.8 நொடி மீதி. எறிந்தார், விழுந்தது. 96-95, சான் அன்டோனியோ வெற்றி. வாய் நிறைய நுரையோடு கத்தினேன்.

ஹூஸ்டனில் இரண்டு, லேக்கர்ஸில் மூன்று, சான் அன்டோனியோவில் இரண்டு. மூன்று ஊர், மூன்று பயிற்சியாளர். பழைய பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்களை விட்டால் ஏழு கோப்பை வேறு யாரிடமும் இல்லை. ஓசியில் ஒருமுறை வரும். ஏழு முறை வருமா?

"சராசரி ஏழு புள்ளிதானே, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குக்கூடத் தேர்வானதில்லையே" என்பீர்கள். அந்தப் பழைய செல்டிக்ஸ் ஆட்களில் ஒருவரான கே.சி. ஜோன்ஸின் சராசரி 7.4. அவரும் ஆல் ஸ்டார் ஆனதில்லை. எட்டுக் கோப்பை, 1989-இல் ஹால் ஆஃப் ஃபேம் உள்ளே போனார். லேக்கர்ஸின் மைக்கேல் கூப்பரும் ஆல் ஸ்டார் ஆனதில்லை. ஐந்து கோப்பை, 2024-இல் உள்ளே. கூப்பருக்கு டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்ட விருது இருக்கிறது என்றால், இருக்கட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து மோதிரம் வாங்கியவர்களையெல்லாம் சேர்க்கச் சொல்லவில்லை. கடைசி இரண்டு நிமிடம் களத்தில் நின்றவரைச் சொல்கிறேன். கோப்பையே இல்லாத லேக்கர்ஸ் ஆட்டக்காரர் எல்ஜின் பேய்லருக்கு இடம் கொடுத்ததும் நியாயம்தான். 1971-72 சீசன் தொடக்கத்தில் அவர் விலகினார், அதே சீசனில் லேக்கர்ஸ் ஜெயித்தது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஆனால் ஜெயிக்காதது குறை இல்லையென்றால், ஜெயித்தது மட்டும் எப்படிக் குறையாகும்?

புள்ளிக் கணக்கில் வராத வேலை என்று ஒன்று இருக்கிறது. நான் ஆடியதெல்லாம் அதுதான். மாவட்ட ஃபைனலில் கடைசி எறிதலுக்கு முன், என்னைவிட அரையடி உயரமானவன் வழியில் ஸ்க்ரீன் வைத்து, அதாவது உடம்பால் மறித்து நின்றேன். அவன் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. சிமெண்ட் தரையில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைக்கும்போதுதான் பந்து விழுந்த சத்தம் கேட்டது. மறுநாள் செய்தித்தாளில் கூடை போட்டவன் பெயர் மட்டும் வந்தது. அப்போது எனக்கு வருத்தமே இல்லை. அவன்தான் என்னைத் தோளில் கைபோட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனான்.

நேற்று அந்த கமெண்டுக்கு முதலில் சிரித்தவனும் அவன்தான்.