நியூட்ரலில் போட்டால் போதுமா? பின்சக்கர இயக்கக் காரை இழுப்பது பற்றிய உண்மை

“ஸ்போர்ட்ஸ் கார் நின்றுவிட்டால் நியூட்ரலில் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப் போகலாம், சேதமானால் ரசீதில் கையெழுத்துப் போட்ட உரிமையாளரே பொறுப்பு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இன்ஜின் ஓட்டுவது பின்சக்கரத்தை. முன்பக்கத்தைத் தூக்கினால் தரையில் உருளுவது பின்சக்கரம். அது டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின், அதுவோ நின்றிருக்கிறது. ஆயில் போகாமல் புஷ்ஷும் பேரிங்கும் சூடேறித் தேயும். நியூட்ரல் இதைத் தடுக்காது.

நான்கு சக்கரமும் மேலேறும் பிளாட்பெட் வண்டியையே கேளுங்கள். தாழ்வான கார், ஏற்றும்போது முன் பம்பரின் அடி உரசும். சக்கரம் ஏறும் இடத்தில் மரப்பலகை போட்டுச் சரிவைக் குறைக்க வேண்டும். டூல்கிட்டில் உள்ள இழுவை வளையத்தைக் காரில் திருகி, வின்ச்சின் (காரை மேலே இழுக்கும் கம்பிவட உருளை) கொக்கியை அதில் மாட்டுங்கள். சில கார்களில் வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். பாதி மரையில் விட்டால் பிய்த்துக்கொண்டு வரும். ஏற்றியபின் பெல்ட்டை டயரைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், சஸ்பென்ஷனில் அல்ல.

பொறுப்புக்கு வருவோம். பிறர் பொருளைப் பெற்றவர் (இங்கே இழுவை வண்டிக்காரர்), விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. அப்படிக் காத்ததை நிரூபிப்பதும் அவர் கடமையே. ரசீதில் “உரிமையாளர் பொறுப்பில்” என்ற முத்திரை இருப்பதாலேயே விஷயம் முடிந்துவிடாது. ஏற்றுமுன் நான்கு பக்கமும், பம்பரின் அடியும் படமெடுங்கள். இறக்கும்போது புதுக் கீறல் தெரிந்தால் அங்கேயே ரசீதில் எழுதி வாங்குங்கள்.