77-வது நிமிடம்

தோற்கும் கால்பந்து அணியைத்தான் ரசிகர்கள் கைவிடுவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி, தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 2-0 என்று சண்டர்லாந்து அணியை முந்தியிருந்தபோதுதான் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள், 77-வது நிமிடத்தில். மைதானத்தின் புதிய மெயின் ஸ்டாண்டில் (முக்கியப் பார்வையாளர் மாடத்தில்) சில இருக்கைகளுக்கு டிக்கெட் விலை 77 பவுண்டு என்று லிவர்பூல் நிர்வாகம் அறிவித்ததற்குப் பதில் அது. அவர்கள் கிளம்பிய பிறகு சண்டர்லாந்து 2 கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள்.

ரசிகர்களை விரட்டுவது விலை மட்டுமல்ல. டிவிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்றினால், வடக்கே தொலைவில் இருக்கும் நியூகாசிலிலிருந்து லண்டன் வந்தவர் வீடு திரும்ப ரயில் ஏது?

அப்புறம் விஏஆர், அதாவது நடுவரின் முடிவை வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் முறை. கோல் விழுந்ததும் பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்துக் கத்தத்தானே மைதானத்துக்குப் போகிறோம்? இப்போது பாதிக் கத்தலில் நிறுத்திவிட்டு, காதில் கை வைத்து நிற்கும் நடுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன சரிபார்க்கிறார்கள் என்று வீட்டில் சோபாவில் இருப்பவருக்குத் தெரிகிறது. காசு கொடுத்து உள்ளே இருப்பவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. எனக்கு இது ரொம்ப வேதனையாக இருக்கிறது.

டிக்கெட் தீர்ந்துவிடுகிறதே என்பார்கள். சரி, ஆனால் அதே இருக்கையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் எங்கே போனார்?