மூச்சு வாங்கினால் நடக்கவே கூடாதா?

"சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவர்கள் நடந்தால் நுரையீரல் இன்னும் கெடும், படுத்தே இருங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நடக்கும்போது மூச்சு வாங்குவது சிரமம்தான், ஆனால் அதனால் நுரையீரல் சேதமாவதில்லை. உட்கார்ந்தே இருந்தால்தான் சிக்கல். தொடைத் தசை தளரும், தளர்ந்த தசை சின்ன வேலைக்கே அதிக மூச்சைக் கேட்கும், அப்புறம் குளியலறை வரை போவதே மலைப்பாகிவிடும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வைப் பாருங்கள். உடற்பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சுத்திணறலையும் சோர்வையும் குறைத்தது என்கிறது. சுருக்கம் இணையத்திலேயே கிடைக்கும்.

உதட்டைக் குவித்து மூச்சை நிதானமாக விட்டபடி, நின்று நின்று நடக்கலாம். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, திடீரெனக் கூடும் திணறல், நீலமாகும் உதடு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தச் செய்தியை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.