யாளித் தூணுக்குத் தங்க முலாம் எதற்கு?

வேலூர்க் கோட்டைக்கென்று செய்த ஏ.ஆர். செயலியின் வெள்ளோட்டம் அங்கே நடந்தது. கண்ணெதிரே இருக்கும் இடத்தின் மேல் கணினிப் படத்தைப் பொருத்தித் திரையில் காட்டுவதுதான் ஏ.ஆர். அதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். அதன் காணொளியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், யாளியும் குதிரையும் பாயும் அந்தத் தூண்களுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, பிள்ளைகள் அத்தனை பேரும் கையிலிருந்த டேப்லெட்டில் அதே தூண்கள் தங்க நிறத்தில் மின்னுவதையும் மயில் ஆடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லை நிமிர்ந்து பார்த்த பிள்ளையை நான் காணவில்லை. இல்லாததைக் காட்டத்தானே இந்தத் தொழில்நுட்பம்? இருப்பதை மறைக்க அது எதற்கு?

இதைக் கேட்டதற்குத்தான் ஏற்பாட்டாளர் ஒருவர் அத்தனை பேர் முன்னிலையில், "மேடம், நீங்க இன்னும் பழைய பஞ்சாங்கத்துலயே இருக்கீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. ஏனெனில் இந்த மாவட்டத்தில் ஏ.ஆர். வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி.

என் அண்ணன் மகனை ஒருமுறை ஆற்காட்டுக்கு அழைத்துப் போனேன். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. அவன் அதைச் சுற்றி வந்துவிட்டு, "வாசல் இருக்கு, கோட்டை எங்க அத்தை?" என்று கேட்டான். 1751-இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டை அது என்றும், அதன் அரண்களை 1783-இல் திப்பு சுல்தான் இடித்துவிட்டார் என்றும் வாயால் சொல்ல முடிந்ததே தவிர, இதோ பார் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. செயலி அங்கேதான் வேண்டும். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கோட்டையின் சுற்றளவு ஒரு மைலுக்கு மேல், மதில்கள் பல இடங்களில் சிதைந்திருந்தன, மதிலின் மேல்தளம் பீரங்கி வைத்துச் சுட முடியாத அளவுக்குக் குறுகல், அகழி சில இடங்களில் வறண்டு கிடந்தது என்றெல்லாம் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த இடிந்த மதிலை இடிந்த மதிலாகவே வரைந்து காட்டினால் போதும், தங்கம் பூச வேண்டியதில்லை.

"ஆதாரம், ஆதாரம் என்றால் எதையுமே வரைய முடியாதே" என்பீர்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தெரிந்த பகுதியைத் திடமாகவும், ஊகித்த பகுதியை வெறும் கோட்டுருவமாகவும் காட்டுங்கள். எது ஊகம் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்தால் போதும். கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால், தரையில் அளந்து குறித்த புள்ளிகள் இல்லாவிட்டால் மதில் ஆற்றுக்குள் போய் நிற்கும். அளவெடுப்பதுதான் முதல் வேலை. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019-இல் தீப்பிடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதை லேசரால் அளந்து வைத்திருந்தார். அந்த அளவுகள் பிறகு அதை மீட்டுக் கட்டக் கைகொடுத்தன. நம் பழைய வட ஆற்காட்டில் அர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் பெரும்பகுதி அழிந்துவிட்டன. மிச்சத்தையாவது அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பதா பழைய பஞ்சாங்கம்?

"சுற்றுலாப் பயணிகள் ரசித்துவிட்டுப் போகட்டுமே" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தூணே ரசிக்கத்தக்கதுதான்.

எனக்கு ஆறாதது இன்னொன்று. 1806 ஜூலை 10 விடியுமுன் இதே வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொன்னதும், நெற்றிக் குறியையும் காதணியையும் நீக்கச் சொன்னதும் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கிய பிறகு, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இன்று அங்கே போகிறவருக்கு அது எங்கே நடந்தது என்று தெரிவதில்லை. கோட்டைக்கென்றே செய்த செயலியில் ஆடும் மயிலுக்கு இடம் இருந்தது, அந்தச் சிப்பாய்களுக்கு இடம் இல்லை.

நான் எதிரி அல்ல. அடுத்த பதிப்பை வெளியிடுமுன், ஒவ்வொரு காட்சியையும் எந்த ஆவணத்தை வைத்து வரைந்தீர்கள் என்பதைச் செயலியிலேயே போடுங்கள். கூப்பிட்டால் ஆற்காட்டு மதிலை அளக்க நாடா பிடிக்க நானே வருகிறேன்.