இரண்டு இடம் போதும்

நாகர்கோவிலிலிருந்து கிளம்பி பத்மநாபபுரம், மாத்தூர், திற்பரப்பு, குமரியில் சூரிய அஸ்தமனம் எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பார்க்கலாம், ஓடிக்கொண்டே! நாங்கள் போன மாதம் திருவட்டாரும் மாத்தூரும் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். காலையிலேயே கோயில். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். அவசரப்பட்டால் பாதி சாமிதான். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மாத்தூர் தொட்டிப்பாலத்தை (ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம்) மதியத்துக்கு மேல் தள்ளினோம். 115 அடி உயரத்தில் அம்மா பக்கச் சுவரை விடவே இல்லை, கீழே பரளியாறு. இறங்கி, மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசிப்பழம் தின்றுவிட்டு வீடு வந்தோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். திங்கள்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.