டாக்டர் சொன்னார் என்பது மட்டும் போதாது

உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்காத ஆளே கிடையாது. அந்த முடிவு மூன்றாவது வாரம் தாண்டுவதில்தான் சிக்கல். நின்றுபோனதும் "எனக்கு மன உறுதி போதாது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நேரத்துக்கு வேலைக்குப் போகிறவர், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர், பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். இவருக்கா மன உறுதி இல்லை? பெரும்பாலும் கோளாறு அவர் எடுத்துக்கொண்ட இலக்கில் இருக்கிறது. அது அவருடையதே இல்லை, இரவல்.

தினமும் பத்தாயிரம் அடி என்பதையே பாருங்கள். இந்த எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்த எண் அது. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆக, 2,500 அடி நடக்கும் பெரியவர் 4,500-க்கு வந்தாலே நல்ல முன்னேற்றம். ஆனால் கையில் கட்டியிருக்கும் வாட்ச் தினமும் "பாதிகூட ஆகவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்குத்தான் சலிக்காது?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இந்த விஷயத்தைத்தான். பயத்தாலும் குற்றவுணர்வாலும் அடுத்தவர் நச்சரிப்பாலும் தொடங்கியது சீக்கிரம் நின்றுபோகும். தனக்கு இது முக்கியம் என்று தானே உணர்ந்து தொடங்கியது நீடிக்கும். கேட்டால் எல்லோருக்கும் தெரிந்தது போல்தான் இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டைக் காட்டி மிரட்டுவதைத்தான் இன்னும் ஊக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, தனக்கு எது முக்கியம் என்று கண்டுபிடிப்பது எப்படி? "ஆரோக்கியமா இருக்கணும்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் நாளை காலை போர்வையை விலக்க முடியாது. ஓர் ஆள், ஓர் இடம், ஒரு செயல் கண்முன்னால் வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். "எடை குறையணும்." ஏன்? "எழுந்திருக்கக் கஷ்டமா இருக்கு." அதனால எது கெடுது? "பேத்தியோட தரையில உக்காந்து விளையாடினா, எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கு." அவ்வளவுதான், இங்கே நிறுத்திக்கொள்ளலாம். எடை என்ற சொல் இந்தக் கடைசி வரியில் இல்லவே இல்லை, கவனித்தீர்களா?

கிடைத்த காரணத்தை உரசிப் பார்க்க, ஆலோசகர்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வி உண்டு. வில்லியம் மில்லர் 1983-ல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த உரையாடல் முறையில் வருவது. இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள். 6 என்று வைத்துக்கொள்வோம். "ஏன் 9 இல்லை?" என்று கேட்டுவிடாதீர்கள், வரிசையாகச் சாக்குகள்தான் வரும். "ஏன் 3 என்று சொல்லாமல் 6 என்றீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது அவர் வாயிலிருந்தே காரணங்கள் வரும். அவற்றை அப்படியே, அவருடைய சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். எண் 2, 3 என்று வந்தால் அந்த இலக்கை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதே புத்திசாலித்தனம். அடுத்து, "செய்ய முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை?" அதற்கு 7-க்குக் கீழே வந்தால் திட்டம் பெரிது என்று அர்த்தம். சுருக்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. காரணம் பேத்தி, ஆனால் அளப்பது எடை இயந்திரத்தில்! எடை ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறி இறங்கும். அதில் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். தசையில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நான்கு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் முள் ஏறியிருப்பதைப் பார்த்தவர் ஆறாம் நாள் எதற்கு மெனக்கெடுவார்?

தரையிலிருந்து எழுவதுதான் நோக்கம் என்றால் அளக்க வேண்டியது கால் பலம். கைப்பிடி இல்லாத, உட்காரும் உயரம் சுமார் 43 செ.மீ. உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14-க்கும் பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. அந்த எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியும் இதே அசைவுதான்: ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு எட்டாக இரண்டு சுற்று, நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். பலம் சேர்வதில் அந்த இறக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. முட்டிகள் உள்பக்கம் சாய்ந்தாலோ சுருக்கென்று வலித்தாலோ ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு சுலபமானதும் பத்து, பிறகு பன்னிரண்டு. அதன்பின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக வேலைவாங்கப் பழகுவதால்தான். தசை பருக்க இன்னும் நாளாகும். அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, நாற்காலி எண்ணிக்கையில் மட்டும் தெரியும். மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்றால் செய்யப்போவதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன "இது நடந்தால் அது" வடிவம் எளிமையானது: "சாயங்காலம் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் நாற்காலியை எடுத்துப் போடுவேன்." மணி சொல்வதைவிடத் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது மேல். கூடவே ஒரு குறைந்தபட்ச வடிவமும் இருக்கட்டும்: காய்ச்சல் வந்து எழுந்த வாரம், வெளியூர் போன நாள், அன்றைக்கு நான்கே நான்கு முறை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள்; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறியது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. விட்டுப்போனதற்குத் தண்டனையாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். வலிதான் மிஞ்சும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னிக்குப் பண்ணலையா?" என்று தினமும் கேட்பது உதவி இல்லை, காவல். நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள், அந்தப் பத்து நிமிடம் போனை நீங்கள் எடுங்கள், அது உதவி.

இந்த வழி சரியாக வேலை செய்யாத இடமும் ஒன்று உண்டு: ரத்த அழுத்தம். ஏறினாலும் பெரும்பாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. மாத்திரை போட்டதும் உடம்பு லேசாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார். இங்கே உணர்வை நம்பக் கூடாது. மாத்திரை டப்பாவைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள், அளவை நோட்டில் எழுதுங்கள். அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. எண் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்று இருக்கலாம். அந்த நோட்டை அடுத்த முறை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, பேத்தி விஷயத்தையும் சொல்லுங்கள். என்ன மருந்து, எவ்வளவு பயிற்சி என்று முடிவெடுக்க அவருக்கும் அது தெரிய வேண்டும்.