கையால செஞ்சதுக்கு அந்த வெலை நியாயந்தான்

கைவினைப் பள்ளி கண்காட்சியில இருந்த துணியெல்லாம் சாதாரண ஆளுங்க வாங்குற வெலையில இல்லன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்லங்க. பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) கெடைக்கிற பத்தேக் துணி (மெழுகு வச்சு கலர் போடுற துணி) பாதி மெஷின்ல பிரிண்ட் அடிச்சது, திருப்பிப் பாத்தா பின்பக்கம் வெளிறிப்போய் இருக்கும். இந்தப் பள்ளிக்காரங்க பண்றது அப்படி இல்ல, சூடான மெழுக சாந்திங்ல (கோடு போடுற சின்ன மூக்கு வச்ச கருவி) ஊத்தி கையால கோடு போட்டு, உள்ள கலர் கொடுத்து, கலர் ஓடாம இருக்க சோடியம் சிலிகேட் தடவி காயவிட்டு, அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டு மெழுக எடுக்கணும், நடுவுல ஒரு சொட்டு மெழுகு தப்பா விழுந்தா அந்த எடம் போச்சு. சோங்கேட் (தங்க நூல் சேத்து நெய்யுற துணி) இன்னும் கஷ்டம், எந்தெந்த பாவு நூல (தறியில நீளவாக்குல இருக்கிற நூல்) தூக்கணும்னு கணக்குப் பண்ணி தங்க நூல உள்ள விடணும், ஒரு நாள் பூரா உக்காந்தாலும் கொஞ்சந்தான் வளரும். 2021ல சோங்கேட்ட யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்ப எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோம், இப்ப வெலைய பாத்து மூஞ்ச சுளிக்கிறது எந்த விதத்துல நியாயம்?

ஒரே குறை, சீட்டுல பேரும் வெலையும் மட்டும் இருந்துச்சு, எப்படி செஞ்சாங்கன்னு ரெண்டு வரி போட்டிருக்கலாம். (பீங்கான் சாமான் பக்கம் ரொம்ப அழகு, அத பத்தி நீங்க எழுதவே இல்ல.)

நம்ம பிள்ளைங்களுக்கும் எஸ்பிஎம் (மலேசியாவுல அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சதும் ராவாங்ல இருக்கிற தேசிய கைவினைக் கழகத்த பத்தி யாராச்சும் சொல்லுங்க, பத்தேக், நெசவு, பீங்கான், மரவேலை எல்லாம் அங்க சொல்லித் தராங்க.